ரேக் பாய் சாமான் வாங்கிய கடை

திருச்சியில் பெரிய கடைகளை நடத்துகிறவர்களுக்கு நஜிமுதீனைப் பிடிக்கும். ஆனால் தங்கள் கடைக்குள் அவர் நுழைவது பிடிக்காது. தெருவில் பார்த்தால் நின்று பேசுவார்கள், டீ வாங்கித் தருவார்கள், பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவார்கள். கடை வாசலில் அவர் தலை தெரிந்தால் மட்டும் மேனேஜரின் முகம் மாறிவிடும்.

அவர் தொழில் அப்படி. மூடுகிற சூப்பர் மார்க்கெட்டின் ரேக்குகளையும் ஃப்ரீசர்களையும் பில் போடும் மேஜைகளையும் மொத்தமாக விலைக்கு எடுத்து, கழற்றி, துடைத்து, புதிதாகத் திறக்கிற இன்னொரு கடைக்கு விற்பார். ரேக் பாய் என்றால்தான் ஊரில் பலருக்கு அவரைத் தெரியும். மன்னார்புரம் பக்கம் தகரக் கூரை போட்ட குடோன் ஒன்று வைத்திருக்கிறார். உள்ளே போனால் ஒரு சுவரில் பச்சை ரேக்குகள், இன்னொன்றில் ஆரஞ்சு, மூலையில் ஊதா. ஊர் மறந்துபோன கடைகளெல்லாம் அங்கே நிறம் நிறமாகச் சாய்ந்து நிற்கும்.

இளமையில் சவூதியின் தம்மாமில் ஒரு பெரிய அங்காடியில் ரேக் பொருத்துகிற வேலை பார்த்தவர். அவர் ஊர் திரும்பிய காலத்தில் இங்கே ஏசி போட்ட கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. தில்லைநகரில் ஒரு கடைக்கு அவர்தான் எல்லா ரேக்கையும் பொருத்திக் கொடுத்தார். இரண்டே வருடத்தில் அதே முதலாளி போன் செய்தார். "நீங்க போட்ட நட்டு பாய். நீங்களே வந்து கழட்டிடுங்க. வேற ஆளு கழட்டினா என்னால நின்னு பார்க்க முடியாது" என்றாராம். இப்படித்தான் பொருத்தும் தொழில் கழற்றும் தொழிலாக மாறியது.

அடுத்து எந்தக் கடை மூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் இதே வேலைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். நாம் ஒரு கடைக்குள் போனால் விலையைப் பார்ப்போம். அவர் ரேக்கின் ஆழத்தைப் பார்ப்பார். முன்வரிசையில் டப்பாக்கள் நெருக்கமாக நின்று பின்னால் காலியாக இருந்தால் ஒரு குறி. சர்க்கரையும் எண்ணெயும் குறைந்து, ஊதுபத்தியும் பிளாஸ்டிக் சாமானும் பெருகினால் இன்னொரு குறி. ஐஸ்கிரீம் ஃப்ரீசரை அணைத்துவிட்டு அதற்குள் துடைப்பம் வைத்திருந்தால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், சோப்புக் கம்பெனியும் டீத்தூள் கம்பெனியும் கடையில் நிறுத்தியிருக்கும் விற்பனைப் பெண்கள் காணாமல் போவார்கள். "கம்பெனிக்காரனுக்கு மூக்கு நீளம். அந்தப் பொண்ணுங்களைத்தான் முதல்ல கூப்பிட்டுக்குவான்" என்பார்.

தப்பும் செய்திருக்கிறார். கன்டோன்மென்டில் ஒரு கடை தீபாவளியைத் தாண்டாது என்று நம்பி, துறையூரில் கடை திறக்க இருந்த ஒருவருக்கு அந்த ரேக்குகளைத் தருவதாகச் சொல்லிவிட்டார். துறையூர்க்காரர் கடைசியில் பலகை அடித்துக் கடை திறந்தார். கன்டோன்மென்ட் கடைக்காரரோ மேலே இன்னொரு மாடி கட்டிவிட்டார். "அந்தப் பக்கம் போனா மாடி என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் தான் கணித்ததை மூன்றாம் மனிதரிடம் சொல்லமாட்டார். கட்டடச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், சரக்கு போடுகிறவர்கள் கேட்பார்கள். "பாய், அடுத்தது யாரு?" எல்லோருக்கும் ஒரே பதில்: "அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்." உறையூரில் ஒரு கடை வெறும் பேச்சாலேயே விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். யாரோ எதையோ சொல்ல, சரக்கு போடுகிறவர்கள் பயந்து நிறுத்த, ரேக் காலியாக, வாடிக்கையாளர் நின்றுபோனார்கள். தடுமாறினாலும் எழுந்திருக்கக்கூடிய கடை, பேச்சு வந்ததும் படுத்துவிட்டது.

இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவள் கலைமதி. என்னோடு பள்ளியில் படித்தவள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் பொன்னிக்கரை மார்ட் கிளையில் பில் போடுகிறாள். மீதியை நஜிமுதீனின் மனைவி மஹ்ஜபீன் சொன்னார். எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதும்மா, இனிமே மறைக்க என்ன இருக்கு" என்றார்.

மஹ்ஜபீன் கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு ஜோடிக்கிறவர். பாலக்கரையில் அவர் கை படாமல் மேடையேறிய பெண்கள் குறைவு. பூ வைப்பது, மருதாணி போடுவது, முந்தானையை எங்கே குத்துவது என்பதில் எல்லாம் அவர் சொல்தான் முடிவு. நிமிர்ந்து நடப்பார், வாசனையோடு இருப்பார். சென்ற வருடம் முதுகில் ஓர் ஆபரேஷன் நடந்தது. வலி போய்விட்டது. ஆனால் சிறுநீரை அடக்கும் கட்டுப்பாடும் அதோடு போய்விட்டது. நாளாக நாளாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அவர் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. கேட்டவர்களுக்கு முதுகு வலி என்றார். தம்மாமில் இருக்கும் மகன் ஹாலித்துக்குக்கூடத் தெரியாது. கணவர் ஒருவருக்குத்தான் தெரியும். பெரியவர்களுக்கான டயபர் வாங்கி வருவது அவர் வேலையாயிற்று.

எங்கே வாங்குவது? தெருமுனை மெடிக்கல் ஷாப்காரர் மஹ்ஜபீனின் பெரியம்மா மகன். ஆன்லைனில் வரவழைத்தால் டப்பாவின் மேல் படம் போட்டு வருகிறது, கொண்டுவருகிறவர் மாடி ஏறுவதில்லை, கீழ்வீட்டுக்காரம்மாதான் வாங்கி வைக்கிறார். மலைக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடைக்குள் போனாலும் ஒரு சொந்தக்காரர் எதிரே வருவார். யோசித்து யோசித்து ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார் நஜிமுதீன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் உறவில் யாரும் சாமான் வாங்கப் போவதில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, பொன்னிக்கரை மார்ட்டில் நுழைந்து, கடைசி ரேக்கில் இருந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கலைமதியின் மேஜைக்கு வந்தார்.

"பில்லுல என்ன பேரு வருமோ வரட்டும்மா. வாயால மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத" என்று துணிப்பையை நீட்டினார்.

"நான் ஏன் பாய் சொல்லப் போறேன்?" என்றாள் அவள்.

உறவுக்காரர் யாரும் இல்லாத இடமாகப் பார்த்தவர், தொழில் தெரிந்தவர் யாராவது இருப்பாரா என்று யோசிக்கவில்லை. அந்தக் கிளையின் மேனேஜர் அன்புச்செல்வன், இதற்கு முன் வேலை பார்த்த கடை மூடப்பட்டபோது, ரேக்குகளை எண்ணி நஜிமுதீனிடம் ஒப்படைத்தவர். முதல் வியாழக்கிழமை அவர் லீவில் இருந்தார். இரண்டாம் வியாழக்கிழமை பாயைக் கண்டதும் கையிலிருந்த ஸ்டிக்கர் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

"யார் சார் அது?" என்று கேட்டாள் காய்கறிப் பகுதியில் நிற்கும் அனுசுயா.

அன்புச்செல்வன் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் பாய் வந்தபோது அனுசுயா கலைமதியின் காதருகே வந்தாள். "ஏய் கலை, எமன் எருமையில வராம ஒண்ணாம் நம்பர் பஸ்ல வரார் பாரு."

"சும்மா இருங்கக்கா. சாமான் வாங்க வந்திருக்கார்."

"என்ன சாமான்?"

"சோப்பு."

"சோப்பு வாங்கறவர் எதுக்குடி கடைசி ரேக்கைப் போய் தடவிப் பார்க்கறார்? அளவு எடுக்கறார்டி."

நஜிமுதீன் ரேக்கைத் தடவியது உண்மைதான். அது அவர் கைப் பழக்கம். கடையும் உண்மையிலேயே கொஞ்சம் இளைத்திருந்தது. மதியத்துக்குமேல் ஏசியை நிறுத்திவிடுவார்கள். டீத்தூள் கம்பெனிப் பெண் அந்த மாதம்தான் வேறு கடைக்கு மாறியிருந்தாள். அதுவரை யாரும் இதையெல்லாம் பெரிதாக நினைக்கவில்லை. பாய் வந்தபிறகு எல்லாமே குறியாகத் தெரிந்தது. இரண்டு பேர் வேறு வேலைக்கு எழுதிப்போட்டார்கள். பாலும் தயிரும் போடும் தைரியராஜ் ஒரு காலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே பேசினார்.

"சார், இனிமே கையில காசு கொடுத்தாத்தான் பாக்கெட் இறங்கும்."

"என்ன தைரியராஜ், நேத்து வரைக்கும் இப்படிப் பேசலையே?"

"நேத்து வரைக்கும் ரேக் பாய் உங்க கடைக்கு வரது எனக்குத் தெரியாது சார்."

அந்த வாரம் பாதி நாள் பால் இல்லை. காலையில் பால் வாங்க வருகிறவர்கள்தான் கூடவே பிரெட்டும் காய்கறியும் எடுத்துப் போகிறவர்கள். அவர்கள் எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார்கள்.

அடுத்த வியாழக்கிழமை அன்புச்செல்வன் வாசலிலேயே காத்திருந்தார்.

"பாய், ஒளிக்காம சொல்லுங்க. தலைமை ஆபீஸ்ல உங்ககிட்ட பேசிட்டாங்களா?"

"என்கிட்ட யாரும் பேசலை தம்பி."

"அப்ப எதுக்கு வாராவாரம் வரீங்க?"

"சாமான் வாங்கத்தான்."

"பாலக்கரையில இல்லாத சாமானா? ஆத்தைத் தாண்டி வந்து அப்படி என்னதான் வாங்கறீங்க?"

நஜிமுதீன் துணிப்பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓமம் என்றோ ஊறுகாய் என்றோ ஏதாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு வாயில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார். அவர் பேசாமல் போனதைக் கடை முழுவதும் பார்த்தது. அதற்கு ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும் என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள்.

தன் வார விடுமுறையில் கலைமதி மன்னார்புரம் குடோனைத் தேடிப் போனாள். அவர் ஒரு பில் மேஜையின் சுழல் நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"பாய், நான் யார்கிட்டயும் சொல்லலை."

"தெரியும்மா."

"அனுசுயா அக்கா வேற வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. உங்களை எமன்னு பேசறாங்க. பால் சரியா வரலை. நீங்க கொஞ்ச நாள் வராம இருந்தா என்ன?"

"அதையும் யோசிச்சேன். இப்ப நான் நின்னுட்டா, 'பாய் பேசி முடிச்சிட்டார், தேதிதான் பாக்கி'ன்னு சொல்வாங்களே."

கலைமதிக்கு அது தோன்றியிருக்கவில்லை. சற்று நேரம் நாற்காலியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்ப உண்மையை நான் சொல்லட்டுமா பாய்? ஒரே வார்த்தை."

"அந்த வார்த்தை என்னோடது இல்லையேம்மா" என்றார் அவர். "என்னோடதா இருந்தா மைக் வெச்சே சொல்லியிருப்பேன்."

அவள் எழுந்தபோது, "எங்க கடை நிஜமாவே மூடிடுமா பாய்?" என்று கேட்டாள். அவர் சாவியை எடுத்துக் குடோனைப் பூட்டினார். பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்துவந்து ஏற்றிவிட்டார்.

பேசுகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்று அந்த வாரம் அவர் ஸ்ரீரங்கம் போகவில்லை. லால்குடிக்குப் போய் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவந்தார். அவசரத்தில் சைஸைப் பார்க்கவில்லை.

"எங்க வாங்கினது இது?" என்று பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தார் மஹ்ஜபீன்.

"லால்குடி."

"லால்குடியா? ஏன், ஸ்ரீரங்கம் ஆத்தோட போயிடுச்சா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். மஹ்ஜபீனுக்குக் கணவரின் முகம் தெரியும். பிடித்து உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பஸ், மேனேஜர், பால் வண்டி, கலைமதி எல்லாம் வெளியே வந்தது.

"முப்பது வருஷமா 'நான் எந்தக் கடையையும் மூடலை, மூடின கடையிலதான் வேலை பார்க்கறேன்'னு சொல்லிட்டுத் திரியறீங்க. இப்ப என்னைச் சாக்கா வெச்சு ஒண்ணை மூடப் போறீங்களா?"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? உன்னைப் பத்தி வெளியில சொல்லமாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்ல?"

மாலை அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. இருவரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மஹ்ஜபீன் மெல்லக் கேட்டார்.

"அந்தப் பில் போடற பொண்ணு, வேலை போற நிலைமையிலயும் வாயைத் திறக்கலையா?"

"சொல்லட்டுமான்னு என்கிட்ட கேட்டுச்சு. வேணாம்னுட்டேன்."

"வேணாம்னு சொல்ல நீங்க யாரு? என்கிட்ட இல்ல கேட்டிருக்கணும்?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவரைச் சாப்பிடவைத்துவிட்டு, ஆட்டோ கூப்பிடச் சொன்னார் மஹ்ஜபீன். கரும்பச்சைப் பட்டுப்புடவை, மேலே புர்கா, அத்தர். கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது எடுக்கும் அதே நேரம் எடுத்துக்கொண்டு தயாரானார். கடை வாசலில் இறங்கியதும் கணவரைப் பார்த்து, "நீங்க இங்கயே நில்லுங்க. உள்ள வந்தா எனக்கும் சேர்த்து எமன்னு பேரு வெச்சிடுவாங்க" என்றார்.

உள்ளே தைரியராஜும் அன்புச்செல்வனும் காலி பால் டிரேக்களுக்கு நடுவே வாக்குவாதத்தில் இருந்தார்கள். மஹ்ஜபீன் நேரே அவர்களிடம் போனார்.

"இங்க மேனேஜர் யாருங்க?"

"நான்தாம்மா. என்ன வேணும்?"

"நான் ரேக் பாய் வீட்ல."

டிரே ஒன்று கீழே விழுந்தது. அனுசுயா தக்காளியை விட்டுவிட்டு வந்தாள்.

"அவரை வாராவாரம் இங்க அனுப்பினது நான்தான்" என்றார் மஹ்ஜபீன். குரல் தெளிவாக இருந்தது. "ஆபரேஷனுக்கு அப்புறம் என்னால அடக்க முடியலை. டயபர் வாங்கணும். எங்க தெருவுல வாங்கினா நாலு பேருக்குத் தெரிஞ்சுடும்னு வெட்கப்பட்டு ஆத்தைத் தாண்டி அனுப்பினேன். உங்க ரேக்கை விலை பேச அவர் வரலை. அவர் பொய் சொல்லமாட்டார், என்னைப் பத்தியும் சொல்லமாட்டார். அதான் நானே வந்தேன்."

அன்புச்செல்வன் "அம்மா, நாங்க..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அனுசுயாதான் முதலில் அசைந்தாள். தான் உட்காரும் ஸ்டூலை இழுத்துவந்து போட்டாள்.

"உட்காருங்கம்மா. இதுக்கா இவ்ளோ? எங்க மாமியாருக்கு நான் மாசாமாசம் இதே ரேக்குலேர்ந்துதான் எடுத்துட்டுப் போறேன். அவர் எந்தக் கம்பெனி வாங்கிட்டு வந்தார், நீலக் கலரா?"

"ஆமா."

"ஐயோ, அது தொடையில உரசுமே! ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும். இருங்க வரேன்."

அவள் போய் வேறொரு பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். பவுடர் எப்போது போட வேண்டும், வெளியே போகும்போது எதை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மாமியார் கதையோடு சேர்த்துச் சொன்னாள். மஹ்ஜபீன் இடையிடையே கேள்வி கேட்டார். ஒரு வருடமாக யாரிடமும் கேட்க முடியாத கேள்விகள். தைரியராஜ் சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டிரேக்களை அடுக்கியபடி, "அரை லோடு போடறேன் சார். மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்" என்றார்.

"பையில போடட்டுமாம்மா?" என்று கேட்டாள் கலைமதி.

"வேணாம் கண்ணு. கையிலயே கொடு."

அந்த ஒரு நாளால் கடை பிழைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வெகுநாள் பால் பாதிதான் வந்தது. வேலைக்கு எழுதிப்போட்ட இருவரில் ஒருவர் போய்விட்டார். பொன்னிக்கரையின் தஞ்சாவூர்க் கிளையை மூடினார்கள், அதன் ரேக்குகளை நஜிமுதீன்தான் போய்க் கழற்றினார். ஸ்ரீரங்கம் கிளை இதை எழுதும்போது திறந்திருக்கிறது. அனுசுயா காய்கறிப் பகுதியில்தான் இருக்கிறாள்.

அன்று திரும்புகையில் ஆட்டோ காவிரிப் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. மடியில் பாக்கெட்டை வைத்துக்கொண்டு மஹ்ஜபீன் கேட்டார்.

"அந்தக் கடை நிக்குமாங்க?"

யாருக்கும் சொல்லாதவர் மனைவிக்குச் சொன்னார். "எண்ணெய் குறைஞ்சிருக்கு. ஏசி ஓடலை. ஆனா அரிசி மூட்டை புதுசா இறங்கியிருக்கு. மூடப்போறவன் அரிசி இறக்கமாட்டான். தெரியலை, பாதிக்குப் பாதி."

"நீங்க உள்ளயே வரலையே?"

"கண்ணாடி வழியா தெரிஞ்சுது."

மஹ்ஜபீன் சிரித்துவிட்டார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அனுசுயாவோட மாமியார் இதைப் போட்டுகிட்டே சமயபுரம் வரைக்கும் போயிட்டு வராங்களாம்."

"அப்படியா?"

"மணப்பாறையில உங்க அக்கா பேத்தி கல்யாணத்துக்கு யார் ஜோடிக்கறாங்க?"

"நீ வரலைன்னு சொன்னதால வேற யாரையோ பேசியிருக்காங்க போல."

"யாருன்னு கேட்டுச் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு நீளக் கழுத்து. பூவை அள்ளி வெச்சு அதை மறைச்சிடப் போறாங்க."

நஜிமுதீன் போனை எடுத்து அக்காவின் எண்ணைத் தேடினார்.